மூளைக்குள் மருந்து போவது எப்படி?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ஒன்று அண்மையில் எங்களை இரண்டு வாரம் யோசிக்க வைத்தது. மனு தந்த சகோதரரின் வாப்பாவுக்கு எட்டு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கம், உடல் இறுக்கம், அடி எடுத்து வைக்கத் தயக்கம். "மருந்தை நேராக மூளைக்கே அனுப்பி நோயை வேரோடு போக்கிவிடுகிறோம்" என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பல லட்சம் செலவாகும். உம்மாவின் நகைகளை விற்பதென்றும், மீதிக்கு வட்டியில்லாக் கடன் வேண்டுமென்றும் கேட்டிருந்தார்.

எங்களால் உடனே சம்மதிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் மனம் வரவில்லை. மூளைக்கு மருந்தை அனுப்புவது என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்று எங்களுக்கே தெரியாமல் இருந்தது. நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

மூளைக்கு ஒரு காவல்

1885இல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடலின் உறுப்புகளெல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் அதையே மறுபக்கமாகச் செய்தார். மூளையைச் சூழ்ந்த நீரில் சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது. மற்ற உறுப்புகள் மாறவில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

அந்தத் தடுப்பு தனியான ஒரு சுவர் அல்ல. மூளைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரே அது. அக்குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் நீளம் வரும். மற்ற இடங்களில் குழாய்ச் சுவரின் செல்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. மூளையில் அவை இறுக மூடப்பட்டிருக்கின்றன. இரத்தத்தில் வரும் நச்சுப்பொருளும் கிருமியும் எளிதில் உள்ளே போகாதபடி அல்லாஹ் வைத்த காவல் இது. ஆனால் அதே காவல் பெரும்பாலான மருந்துகளையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மூளை நோய்களுக்கு மருந்து காண்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

லெவோடோபா நுழைந்த வழி

பார்க்கின்சன் நோயில், டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் நடுமூளையில் சிறிது சிறிதாக அழிகின்றன. டோபமின் குறைவதால் உடல் அசைவு தடுமாறுகிறது. அப்படியானால் டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பயனில்லை, அது அந்தத் தடுப்பைக் கடக்காது.

இதற்கு வழி பிறந்தது 1957இல். சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு லெவோடோபாவைக் கொடுத்து மீண்டும் நடமாட வைத்தார். இந்தத் துறையில் செய்த ஆய்வுகளுக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் வியன்னா மருத்துவர்கள் நோயாளிகளுக்கு இதை ஊசியாகப் போட்டுப் பலன் கண்டார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் வாய்வழி அளவைப் படிப்படியாக உயர்த்தி, நீடித்த பயன் கிடைப்பதைக் காட்டினார்.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். உணவின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களை மூளைக்குள் ஏற்றிச் செல்லும் வாசல்கள் அந்தத் தடுப்பில் உண்டு. லெவோடோபாவும் அவ்வழியே உள்ளே சென்று டோபமினாக மாறுகிறது. ஆனால் வழியிலேயே, உடலின் மற்ற பாகங்களில் பெரும்பங்கு டோபமினாக மாறி வீணாகிறது, குமட்டலும் வருகிறது. அதைத் தடுக்கத்தான் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. கார்பிடோபா மூளைக்குள் போகாது. வெளியே நின்று லெவோடோபாவைக் காக்கிறது. அதனால் தேவைப்படும் லெவோடோபாவின் அளவு முக்கால் பங்கு குறைகிறது.

ஆக, மூளைக்கு மருந்தை அனுப்பும் வித்தை புதிதல்ல. அந்த வாப்பா எட்டு ஆண்டுகளாக விழுங்கிவந்த மாத்திரையே அந்த வித்தைதான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அது அறிகுறிகளைத் தணிக்கும், செல்கள் அழிவதை நிறுத்தாது.

உணவும் மாத்திரையும்

பல அமினோ அமிலங்கள் ஒரே வாசலில் நிற்பதால் நெரிசல் உண்டாகும். இறைச்சி, முட்டை, பால், பருப்பு ஆகியவற்றோடு சேர்த்து மாத்திரையை விழுங்கினால் மருந்து பின்தங்கிவிடும். ஆகவே உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ கொடுக்கும்படி பொதுவாகச் சொல்வார்கள். குமட்டல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். புரதத்தை அடியோடு நிறுத்திவிடக் கூடாது.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உண்டு. அதனால்தான் அந்தப் பொடியை மருத்துவருக்குத் தெரியாமல் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது, அளவு மீறிவிடும்.

இன்று நடக்கும் முயற்சிகள்

தடுப்பைக் கடக்க உலகில் பல வழிகள் முயலப்படுகின்றன. முதலாவது, முதுகுத்தண்டு நீரில் ஊசி போடுவது. குழந்தைகளின் தசைகளை முடக்கும் ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு நுசினர்சென் என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் இவ்வழியில் அனுமதி பெற்றது.

இரண்டாவது, இரும்புச்சத்தை ஏற்றிச் செல்லும் வாசலில் மருந்தை ஒட்டி அனுப்புவது. ஹன்டர் நோய் என்ற அரிய நோய்க்கு 2021இல் ஜப்பான் இதை அனுமதித்தது.

மூன்றாவது, நுண்குமிழிகளை இரத்தத்தில் ஏற்றி, தலையில் அல்ட்ராசவுண்ட் அலைகளைக் குவித்து, தடுப்பைச் சற்று நேரம் திறப்பது. 2024இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் மூவருக்கு இது செய்யப்பட்டது. அலை பட்ட இடங்களில் நோயின் படிவு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மூன்றே பேர், இது தொடக்கம்தான்.

இவை நம்பிக்கை தருகின்றன. எனினும் பார்க்கின்சனையோ அல்சைமரையோ வேரோடு போக்கும் மருந்து இன்றுவரை உலகில் எங்கும் இல்லை.

பணம் கட்டும் முன்

நோயை முற்றிலும் குணமாக்குவதாக எவராவது சொன்னால் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தச் சிகிச்சைக்கு இந்த நோய்க்கென்று இந்தியாவில் அனுமதி உண்டா? எழுத்தில் தருவீர்களா?

2. இது ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? அப்பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

3. ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம்? ஆய்வின் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை ஆய்வாக அன்றி விற்கக் கூடாது என்பதும் அக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உள்ளது.

4. இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறீர்களா? ஆம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நோன்புக் காலத்தில்

லெவோடோபா உடலில் நீண்ட நேரம் தங்காது. ஸஹரிலிருந்து இஃப்தார் வரை மாத்திரை இல்லாவிட்டால் சிலருக்கு உடல் பூட்டிக்கொள்ளும், விழுந்துவிடுவார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு நோற்க இயலாத நாட்பட்ட நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. பெரியவர்கள் மனம் கேட்காமல் மாத்திரையை மறைத்து வைப்பதுண்டு. ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு, அவர்கள் மனம் நோகாமல் பேசி முடிவு செய்யுங்கள்.

அந்தச் சகோதரர் இந்தக் கேள்விகளோடு போனார். முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்கவில்லை. நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன. வீட்டில் காலை மாத்திரையைப் பாலோடு கொடுத்து வந்தது விசாரித்தபோது தெரிந்தது. மருத்துவர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். நோய் போகவில்லை, ஆனால் காலையில் எழுந்து ஒளு செய்யப் பிறர் கை பிடிக்க வேண்டிய நாட்கள் குறைந்திருக்கின்றன என்கிறார் மகன். மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் மாதாமாதம் உதவ அறக்கட்டளை முடிவு செய்தது.

எந்த நோய்க்கும் மருந்து உண்டு என்பது நபிமொழி தரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விலைபேசுகிறவர்களிடம் ஏமாறாமல் இருப்பதும் நம் கடமை. பெரிய தொகை கட்டும் முன் ஒருமுறை அலுவலகத்துக்கு வாருங்கள்; சேர்ந்து விசாரிப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.