ஜெர்மன் வினையைக் கடைசிக்கு அனுப்புவது எப்படி?

விக்ரோலியிலிருந்து செம்பூருக்கு நேர் ரயில் கிடையாது. குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனுக்கு மாற வேண்டும். ஜெர்மன் வாக்கிய அமைப்பைப் பழக இந்தப் பயணமே போதும். வண்டி மாறுவதற்கு ஜெர்மனில் 'உம்ஷ்டைகென்'. இதில் 'உம்' என்பது பிரியும் முன்னொட்டு.

முதலில் தனி வாக்கியம். வினை இரண்டாம் இடத்தில் நிற்கும், முன்னொட்டு கழன்று கடைசிக்குப் போகும்: 'இஷ் ஷ்டைகெ இன் குர்லா உம்.' 'இன்று' என்று தொடங்கினாலும் வினை அசையாது, எழுவாய்தான் பின்னால் நகரும்: 'ஹொய்டெ ஷ்டைகெ இஷ் இன் குர்லா உம்.' இரண்டாம் இடம் வேறு, இரண்டாம் சொல் வேறு. 'உம் ஆஹ்ட் ஊர்', அதாவது எட்டு மணிக்கு, மூன்று சொல்லானாலும் ஓரிடம்தான்.

அடுத்தது துணை வாக்கியம். இங்கேதான் பலர் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை மனதில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தை விடுங்கள்; மும்பைத் தமிழருக்கு ஹிந்தி இருக்கிறதே! 'க்யோங்கி மே குர்லா மே காடி பதல்தா ஹூ' என்று தினமும் பேசுகிறோம். காரணச் சொல் முதலில், வினை கடைசியில். ஜெர்மனும் அப்படித்தான்: 'வைல் இஷ் இன் குர்லா உம்ஷ்டைகெ.' பிரிந்துபோன 'உம்' வினையோடு மறுபடி ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது, கவனித்தீர்களா? 'தஸ்', 'வென்', 'ஒப்', 'ஒப்வோல்' வந்தாலும் இதே கதை.

ஆனால் 'டென்' வந்தால் ஏமாறாதீர்கள். பொருள் 'ஏனென்றால்'தான், வரிசையோ தனி வாக்கியத்துடையது: 'டென் இஷ் ஷ்டைகெ இன் குர்லா உம்.' 'உண்ட்', 'ஆபர்', 'ஓடர்' ஆகியவையும் வரிசையைத் தொடுவதில்லை.

துணை வாக்கியத்தை முன்னால் வைத்தால் அது முழுவதும் முதல் இடம். எனவே காற்புள்ளி முடிந்ததும் வினை வரவேண்டும்: 'வைல் இஷ் இன் குர்லா உம்ஷ்டைகெ, கொம்மெ இஷ் ஷ்பேட்.' நான் தாமதமாக வருகிறேன் என்பதில் 'வருகிறேன்' முந்திக்கொள்கிறது.

'வேண்டும்' சேர்ந்தால் அதுதான் கடைசி: 'வைல் இஷ் இன் குர்லா உம்ஷ்டைகென் முஸ்.' இறந்தகாலத்தில் 'உம்கெஷ்டீகென் பின்'. 'கெ' நடுவில் நுழைவதைப் பாருங்கள்.

எல்லா முன்னொட்டும் பிரியாது. 'பெ', 'எர்', 'ஃபெர்', 'என்ட்', 'ட்சேர்' ஆகியவை வினையை விட்டு நகராதவை. காதாலும் கண்டுபிடிக்கலாம்: அழுத்தம் முன்னொட்டில் விழுந்தால் பிரியும்.

பயிற்சிக்கு ஏறுவதற்கான 'ஐன்ஷ்டைகென்', இறங்குவதற்கான 'அவுஸ்ஷ்டைகென்' இரண்டையும் எடுங்கள். விக்ரோலியில் ஏறி செம்பூரில் இறங்கும் வரை ஒவ்வொன்றையும் முதலில் தனி வாக்கியமாக, பிறகு 'வைல்' சேர்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள்.