பாடியா, லென்ஸா? மிரர்லெஸ் கேமரா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்குகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் பாடியைச் சுற்றியே ஓடுகிறது. எந்த மாடல், எத்தனை மெகாபிக்சல் என்று வாரக்கணக்கில் அலசி, கையிலிருக்கும் பணத்தையெல்லாம் அதிலேயே போட்டுவிட்டு, பெட்டியோடு வரும் கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளும் மாலை வேளையிலும் எடுக்கும் படங்கள் கெடுவதற்கு முதல் காரணம், சென்சாருக்குப் போதிய வெளிச்சம் போய்ச் சேராததுதான். அந்த வெளிச்சத்துக்கு வழிவிடுவது லென்ஸ். அதனால், கையில் இருக்கும் பணத்தைப் பங்கு போடும்போது லென்ஸுக்கென்று ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

நம்பிக்கை: ஃபுல் ஃபிரேம் இருந்தால்தான் மங்கலான வெளிச்சத்தில் நல்ல படம் வரும்.

உண்மையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36×24 மில்லிமீட்டர். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5×15.6. பரப்பளவில் பெரியது சிறியதைவிட இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம். ஒரே அப்பர்ச்சரில், அதாவது லென்ஸின் ஒரே திறப்பளவில், எடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சமும் அவ்வளவுதான். இப்போது லென்ஸுக்கு வருவோம். 16-50 கிட் லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். ஜூமை 50-க்குத் திருப்பியதும் அப்பர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. அதே 50-இல் எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கல்யாண மண்டபத்தில் 1/100 ஷட்டரில் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் இடத்தில், பிரைமுக்கு 640 வாக்கில் போதும். இந்த வகை லென்ஸ் பெரும்பாலும் ஃபுல் ஃபிரேம் பாடியின் விலையில் சிறு பங்குதான். 'எஃப் 1.8-இல் எடுத்தால் பாதி முகம் மங்கிவிடுகிறதே' என்று சிலர் மறுப்பார்கள். நியாயமான மறுப்புதான். ஏபிஎஸ்-சி கேமராவில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை 50-இல் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு அப்பர்ச்சரைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் 1.8 இருந்தால் 5.6-க்குச் சுருக்கலாம், 5.6 மட்டுமே இருந்தால் 1.8-க்குத் திறக்க வழியில்லை.

நம்பிக்கை: ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் பாழாகும்.

புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸுக்கு மூல காரணம் வெளிச்சக் குறைவு. சென்சாரில் விழுந்த வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். ஐஎஸ்ஓ அதைத் தூக்கிக் காட்டுகிறது. ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் அதே நாய்ஸ் மேலே வந்து நிற்கும். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரை 1/15-க்கு இறக்கினால் கதை இன்னும் மோசம். நாய்ஸை மென்பொருளில் ஓரளவு தணித்துவிடலாம். ஓடும் குழந்தையின் முகம் இழுபட்டுப் போனால் அதை மீட்க முடியாது. பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்றால், அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல. இங்கேயும் தீர்வு அப்பர்ச்சரில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் இனி உதவாது.

கேனனின் பழைய இஎஃப் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர். டிஎஸ்எல்ஆருக்குள் இருந்த கண்ணாடி மிரர்லெஸ்ஸில் போன பிறகு வந்த ஆர்எஃப் மவுன்ட்டில் 20. மிச்சமான 24 மில்லிமீட்டரை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். சாதாரண அடாப்டருக்குள் லென்ஸ் ஏதும் கிடையாது என்பதால் படத்தின் தரம் குறைவதில்லை. இஎஃப் லென்ஸ்களின் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். நிக்கானில் மட்டும் ஒரு எச்சரிக்கை: எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் செய்யும், உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகையைக் கையால்தான் திருப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால், செகண்ட் ஹேண்டில் நல்ல பிரைம் மலிவாகக் கிடைக்கும்.

பறவைகளையும் விளையாட்டையும் எடுக்கிறவர்களுக்குப் பாடியின் ஃபோகஸ் வேகம் உண்மையிலேயே முக்கியம். அவர்கள் அதற்குச் செலவழிப்பது சரியே. மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு மாதம் கிட் லென்ஸிலேயே எடுங்கள். பிறகு பிடித்த படங்களை மட்டும் தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எந்த ஃபோக்கல் லென்த்தில் எடுத்தது என்று அந்தக் கோப்பின் விவரத்தில் பாருங்கள். 35-ஐ ஒட்டியே அதிகம் இருந்தால் 35 பிரைம், 50-ஐ ஒட்டி இருந்தால் 50. அடுத்து வாங்க வேண்டிய லென்ஸ் எது என்பதற்குக் கடைக்காரரின் பரிந்துரையைவிட நம்பகமான பதில் அந்த எண்களில் இருக்கும்.