பீடக்கல்லின் ஊர்

அன்புள்ள தங்கைக்கு,

பழஞ்சின்னங்களின் கற்கள் எங்கிருந்து வந்தன என்று ஆராயப் போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். ஒன்றை மட்டும் மறவாதே: பக்கத்தில் கிடக்கும் கல்லைப் பார்த்து எந்தக் கல்லுக்கும் ஊர் சொல்லிவிடாதே.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சையே எடுத்துக்கொள். அங்குள்ள புள்ளி போட்ட டாலரைட் கற்கள் வேல்சின் பிரெசெலி மலையைச் சேர்ந்தவை என்று ஹெர்பர்ட் தாமஸ் 1923இல் காட்டினார். அது இன்றும் நிற்கிறது. ஆனால் நடுவில் கிடக்கும் 6 டன் மணற்கல்லான பீடக்கல்லையும் அவற்றோடு சேர்த்து, அதுவும் வேல்ஸ்தான் என்று ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நம்பினார்கள். அதிலுள்ள பேரியம் வேல்ஸ் மணற்கற்களோடு ஒத்துப்போகவில்லை. ரிச்சர்ட் பெவின்ஸ் குழுவினர் அந்த முரணை ஒதுக்கித் தள்ளாமல், வேல்ஸ் இல்லை என்று 2023இல் துணிந்து எழுதினார்கள். ஊரைக் கண்டுபிடித்ததைவிட இந்த 'இல்லை'யைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறு ஆண்டே விடை வந்தது. பீடக்கல்லின் பழைய சில்லுகளை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, அவற்றுக்குள் இருந்த சிர்கான், அபடைட், ரூட்டைல் கனிம மணிகளின் வயதை அந்தோணி கிளார்க்கும் கூட்டாளிகளும் அளந்தார்கள். மணி ஒவ்வொன்றும் தான் பிறந்த பாறையின் வயதைச் சுமந்திருக்கும். ஒற்றை மணியை நம்பி எதையும் சொல்ல முடியாது. பல மணிகளின் வயதுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதுதான் அடையாளம். அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஆர்க்கேடியன் படுகையோடு பொருந்தியது. ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தொலைவு! கிளார்க் வளர்ந்தது அதே பிரெசெலி மலைப்பகுதியில்தான். சொந்த ஊரின் பெருமை அவர் கணக்கில் குறுக்கிடவில்லை.

சின்னத்தை உடைக்க உன்னை யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே முன்பே எடுத்து வைத்த சில்லும் அதன் சீட்டும்தான் உன் சொத்து. 1958இல் ஸ்டோன்ஹெஞ்சின் 58ஆம் எண் கல்லைப் பழுதுபார்க்கத் துளையிட்டபோது வந்த உருளைத் துண்டை, வேலையில் இருந்த ராபர்ட் பிலிப்ஸ் பத்திரமாக வைத்திருந்து 2018இல் திருப்பிக் கொடுத்தார். எந்தக் கல்லில் எடுத்தது என்பது தெரிந்திருந்ததால்தான் டேவிட் நாஷ் குழு அதன் வேதிக்கூறுகளை 20 இடங்களின் கற்களோடு ஒப்பிட்டு, 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வெஸ்ட் வுட்ஸ் என்று 2020இல் சொல்ல முடிந்தது. சீட்டு இல்லாத துண்டு வெறும் சரளை.

இன்னொன்று. பிறந்த இடம் தெரிந்ததும், எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆசை வரும். கடல்வழியா தரைவழியா என்பதற்குச் சிர்கான் சாட்சி சொல்லாது. ஆய்வேட்டில் பிறந்த இடத்தையும் வந்த வழியையும் தனித்தனி அத்தியாயமாக வை.