வயது கூடும்போது கண்ணைக் கவனிப்போம்



தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கண்நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்து, அவர்கள் கண்களை வண்ணப் படங்களாகவும் வரையச் செய்தார். அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 1832இல் மறைந்த மன்னர் காலத்திலேயே நம் ஊரில் கண்புரைக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களோ இன்றும் "புரை நல்லா முத்தட்டும்" என்று காத்திருக்கிறார்கள். முற்ற வேண்டியதே இல்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சலானாலே எடுத்துவிடலாம். முற்றவிட்டால் அறுவைதான் சிரமமாகும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கூசுவதும் நிறங்கள் மங்குவதும் தொடக்க அறிகுறிகள். கண்ணாடி இல்லாமலே திடீரென எழுத்து தெரிகிறது என்று சிலர் மகிழ்வார்கள். அதுவும் புரையாக இருக்கலாம்.

புரையால் போன பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் போனது திரும்பாது. பெரும்பாலும் வலியும் இருக்காது. ஓரப்பார்வை முதலில் குறையும். ஹவுள் படியில் தடுக்குவார், கதவு நிலையில் இடித்துக்கொள்வார். நாம் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோம். அத்தா, உம்மா, உடன்பிறந்தவர் யாருக்கேனும் இந்நோய் இருந்தால் 40 வயதிலேயே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போடுவதாலும் இது வரும்.

இந்நோய்க்குத் தினமும் சொட்டு மருந்து போடுபவர்களில் சிலர், நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி ரமளானில் நிறுத்திவிடுகிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது. சந்தேகமிருந்தால் பள்ளி இமாமிடம் கேளுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஓதும்போது வரியின் நடுவெழுத்து மட்டும் மறைகிறதா? ஒரு கண்ணை மூடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் விழித்திரையின் மையம் பழுதடைகிறது எனலாம், தாமதிக்கக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

சர்க்கரை உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், சில மணி நேரம் மங்கலாகத் தெரியும். ஆகவே பெரியவர்களைத் தனியாக அனுப்பாமல், மருந்துச் சீட்டுகளோடு பிள்ளைகளில் ஒருவர் கூடப் போங்கள்.