நின்று காணும் ஊர்

நுழையும்முன்

விடுமுறை நாள்களில் குடும்பத்துடன் வெளியூர் செல்வது இன்று பரவலாகிவிட்டது. ஒரு நாளில் எத்தனை இடங்களைப் பார்த்தோம் என்று எண்ணிப் பெருமைப்படும் வழக்கமும் உடன் வளர்ந்துள்ளது. அந்த விரைவில் எத்தனையோ சிற்றூர்கள் கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் கடந்து போகின்றன. அத்தகைய ஊர் ஒன்றில் ஒரு நாள் தங்கினால் எவற்றையெல்லாம் காணலாம், தங்காமற் போனால் எவற்றை இழக்கிறோம் என்பதைத் திருமயம் என்னும் ஊரை முன்வைத்து இப்பாடம் உணர்த்துகிறது.

ஐந்து நிமிட ஊர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக இராமேசுவரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், புதுக்கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது திருமயம். சாலையில் வருவோரை முதலில் வரவேற்பது குன்றைச் சூழ்ந்து நிற்கும் கோட்டை. அக்கோட்டையின் வடபுற மதிலையொட்டிக் கோட்டை பைரவர் கோயில் அமைந்துள்ளது. இவ்வழியே செல்லும் ஊர்திகள் பல இங்கே சற்று நிற்கின்றன. ஓட்டுநர் இறங்கித் தேங்காய் உடைக்கிறார். கற்பூரம் ஏற்றி வணங்குகிறார். வழித்துணை வேண்டிக்கொண்டு புறப்படுகிறார்.

அந்த ஐந்து நிமிடத்தில் பயணிகள் காண்பது ஒரு மதிலும் ஒரு பாறையும் மட்டுமே. அப்பாறையின் மறுபக்கத்தில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட குடைவரைக் கோயில்கள் இருப்பதையும், எதிரே விரியும் தெருக்களில் நாடறிந்த விடுதலை வீரர் ஒருவர் பிறந்ததையும் அவர்கள் அறிவதில்லை. குழந்தைகள் ஊர்தியின் கண்ணாடி வழியே கோட்டையைப் படம் பிடித்துக்கொள்கின்றனர். படம் கைப்பேசியில் தங்குகிறது. ஊர் பின்னால் நகர்ந்துவிடுகிறது.

தங்கிச் செல்லும் மரபு

வழியில் தங்கி, அவ்வூர் மக்களோடு உண்டு, இளைப்பாறிச் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெறச் செல்பவர்க்கு வழிகாட்டும் இந்நூல்கள், சென்றடையும் இடத்தை மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணர் எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிங்கறியிட்ட சோறும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டின் கலவையும் பெறுவர் எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. ஒவ்வோர் ஊரிலும் நிலம் மாறுகிறது, விருந்தளிப்போர் மாறுகின்றனர், உணவும் மாறுகிறது. வழியே பயணத்தின் பயனாக அமைவதை இங்குக் காண்கிறோம்.

பிற்காலத்தில் இம்மரபு கல்லிலும் கட்டடத்திலும் நிலைபெற்றது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. நடந்து செல்வோர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாற அவை உதவின. சேது யாத்திரை செல்வோர்க்காக வழியெங்கும் சத்திரங்கள் எழுந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. நடையிலும் மாட்டுவண்டியிலும் சென்ற மக்கள் வழியிலிருந்த ஊர்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். அந்த ஊர்களில் அவர்கள் தண்ணீர் குடித்திருந்தனர் என்பதே அதற்குக் காரணம்.

கோட்டையில் காலைப்பொழுது

தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் எனக் கூடிய ஒரு குடும்பம் திருமயத்தில் ஒரு நாள் தங்குவதாகக் கொள்வோம். அந்த நாளைக் கோட்டையில் தொடங்குவது நலம். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும்; முதியோர்க்கு ஏற்றம் கடினமாகும்.

இராமநாதபுரம் சேதுபதி மன்னர்களுள் புகழ்பெற்ற இரகுநாத கிழவன் சேதுபதி இக்கோட்டையை 1687ஆம் ஆண்டில் கட்டினார். குன்றைச் சுற்றி வளைய வளையமாக ஏழு மதில்கள் இருந்தன என்பர். இன்று அவற்றுள் சிலவே எஞ்சியுள்ளன. பிற்காலத்தில் இப்பகுதி புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையோடு தொடர்புபடுத்தி இதனை 'ஊமையன் கோட்டை' என்றும் மக்கள் வழங்குகின்றனர். இன்று இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

ஏறும் வழியில், பாறையின் பக்கவாட்டில் குடையப்பட்ட சிறிய அறை ஒன்றில் சிவலிங்கம் உள்ளது. உச்சியில் பீரங்கி ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் பீரங்கியைத் தொட்டுப் பார்ப்பர். தந்தை மதிலின் கட்டுமானத்தை நோக்குவர். தாத்தா நிழலில் அமர்ந்து கீழே விரியும் கண்மாய்களைக் காண்பர். வறண்ட புதுக்கோட்டை மண்ணில் வேளாண்மை எவ்வாறு நடைபெறுகிறது என்று பேரன் கேட்டால், மழைநீரை ஏந்தி வைக்கும் கண்மாயைச் சுட்டிக்காட்டியே அவர் விடை கூறலாம். பாடநூலில் பல பக்கங்களில் படித்தது ஒரே பார்வையில் விளங்கும் இடம் அது. அத்தகைய வினாவும் விடையும் எழுவதற்கு ஓய்ந்திருக்கும் ஒரு பொழுது தேவை. அடுத்த ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் வினாவே எழாது.

நண்பகல் ஓய்வு

நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்பட்டிருக்கும். விரைந்து செல்வோர்க்கு இது வீணான பொழுது. தங்கியிருப்போர்க்கோ இதுவே ஊரை அறியும் பொழுது. கடைத்தெருவில் நடக்கலாம். இப்பகுதிக்கே உரிய வெள்ளைப் பணியாரத்தைச் சுவைக்கலாம். விரும்பினால் அருகிலுள்ள கடியாபட்டி, இராயவரம் முதலிய ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளின் நெடிய முகப்புகளைத் தெருவில் நின்றே கண்டு திரும்பலாம். ஒன்றும் செய்யாமல் மரநிழலில் அமர்ந்து பாட்டியின் கதையைக் கேட்பதும் பயணத்தின் ஒரு பகுதியே.

ஒரே குன்றில் இரு கோயில்கள்

மாலையில் குன்றின் தென்சரிவுக்குச் செல்ல வேண்டும். திருமயம் என்பது திருமெய்யம் என்பதன் திரிபு. மெய் என்பதன் வடமொழி வடிவம் சத்தியம். ஆதலால் குன்று சத்தியகிரி எனவும், சிவபெருமான் சத்தியகிரீசுவரர் எனவும், திருமால் சத்தியமூர்த்தி எனவும் வழங்கப்படுகின்றனர்.

சிவன் கோயிலும் திருமால் கோயிலும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடையப்பட்டவை. திருமால் குடைவரையில் பாம்பணையில் பள்ளிகொண்ட பேருருவம் உள்ளது. மது, கைடபர் என்னும் அசுரர்கள் தேவியரைக் கவர முயன்றபோது ஆதிசேடன் நஞ்சை உமிழ்ந்து விரட்டியதாகக் கூறும் கதை பின்புறப் பாறையில் சிற்பமாக விரிகிறது. தீக்கொழுந்தும் அஞ்சி ஓடும் அசுரரும் அதில் காட்சியளிக்கின்றனர். சிவன் குடைவரையில் இலிங்கத்துக்கு எதிர்ச்சுவரில் இலிங்கோற்பவர் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் மாறனின் தாயாகிய பெரும்பிடுகு பெருந்தேவி திருமால் கோயிலைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. ஒரு பெண் செய்த அறம் அவர் பெயரோடு இன்றும் நிலைத்திருக்கிறது.

அடுத்தடுத்து அமைந்த இக்கோயில்களுக்கிடையே பிற்காலத்தில் பூசல் எழுந்தது. போசளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் 1245ஆம் ஆண்டில் அது தீர்த்துவைக்கப்பட்டது. இன்று இரு கோயில்களுக்கும் இடையே சுவர் நிற்கிறது; பாறை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

அழிந்த இசை

சிவன் குடைவரைச் சுவரில் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அங்கே இசை தொடர்பான பழங்கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை சில எழுத்துகளே. சிதைத்தவர்க்குத் தம் காலத்துச் செய்தி பெரிதாகத் தோன்றியிருக்கலாம். தம் கைக்கீழ் அழிவது இன்னதென்று அறியாமலும் இருந்திருக்கலாம். எக்காரணமாயினும், அச்சுவர் சொல்ல வந்த இசை முழுமையாக இனி நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

தொன்மையான இடங்களில் பெயரைக் கீறுவோரும் சுவரில் சுண்ணாம்பு பூசுவோரும் இன்றும் உள்ளனர். ஒரு பொருளின் அருமையை அறிய அதன்முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். நின்று பார்த்தவர் அதனைக் கீற மாட்டார்.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| புதுக்கோட்டை மாவட்டம் இசைக் கல்வெட்டுகளால் சிறப்புப் பெற்றது. குடுமியான்மலைக் குடைவரையை ஒட்டிய பாறையில் உள்ள கல்வெட்டு, பண்களுக்குரிய சுரக்கோவைகளைத் தருகிறது. மலையக்கோயிலிலும் இசை தொடர்பான கல்வெட்டு உள்ளது. இவற்றோடு திருமயத்தில் எஞ்சிய எழுத்துகளையும் சேர்த்து ஆய்வாளர் ஆராய்கின்றனர். |

ஊரும் உலகும்

சீரிய நாவன்மையால் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் விடுதலைக் குரல் எழுப்பிய தீரர் சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு திருமயத்தில் பிறந்தார். ஊரின் இறைவன் பெயரே அவர் பெயருமாகும். காமராசர் தம் அரசியல் வழிகாட்டியாகப் போற்றியவர் இவரே. 1939இல் சென்னை மாநகரத் தலைவரான அவர், நகரின் குடிநீர்ப் பற்றாக்குறையைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தை முன்னெடுத்தார்; 1940இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் 1943இல் மறைந்தார். நீர்த்தேக்கப் பணி 1944இல் நிறைவுற்றது. இன்று அது அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என வழங்குகிறது. கண்மாய்கள் சூழ்ந்த சிற்றூரில் பிறந்த ஒருவர் பெருநகரின் தாகம் தீர்க்க உழைத்தார் என்பதைக் கோட்டை உச்சியில் நின்று கண்மாய்களைக் கண்ட பிள்ளைகள் எளிதில் மறவார்.

தங்குவோரால் வாழும் ஊர்

சாலையோரச் சிற்றூர்களின் வாழ்வு வழிப்போக்கரைச் சார்ந்தது. பூக்கட்டுவோர், தேங்காய்க் கடைக்காரர், சிற்றுண்டிக்கடை நடத்துவோர், தானி ஓட்டுவோர் ஆகியோர்க்கெல்லாம் ஒரு குடும்பம் தங்கிச் செலவிடும் தொகை வருவாயாகிறது. புறவழிச்சாலைகள் பயண நேரத்தைக் குறைக்கின்றன. அவசரப் பணிகளுக்கு அவை இன்றியமையாதவை. எனினும் ஊருக்குள் எவரும் நுழையாத நிலை ஏற்பட்டால் கடைகள் குறையும். இளைஞர் வேலை தேடி வெளியேறுவர். ஊரின் கதையை அறிந்த முதியோரிடம் கதை கேட்பாரும் இரார்.

இழப்பு ஊருக்கு மட்டும் உரியதன்று. பத்து இடங்களைப் பத்து நிமிடங்களில் கண்ட பிள்ளை பத்துப் பெயர்களை அறியும். ஓரூரில் ஒரு நாள் இருந்த பிள்ளை, பாறையின் சூட்டையும் குடைவரையின் குளிர்ச்சியையும், சுவையையும் கதையையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். தன்னுடையது என்று கருதும் ஒன்றைத்தான் மனிதர் காக்க முற்படுவர். எனவே மெல்லச் செல்லும் பயணம் மரபைக் காக்கும் பயிற்சியுமாகும்.

திருமயம் போன்ற ஊர்கள் தமிழ்நாட்டின் எல்லா நெடுஞ்சாலைகளிலும் உண்டு. பெயர்ப்பலகையில் மட்டும் படித்துக் கடந்த ஓர் ஊரை அடுத்த விடுமுறைக்குத் தேர்ந்துகொள்வது எவர்க்கும் எளிது. அதற்கு மிகுந்த பொருள் வேண்டா. ஒரு முழு நாள் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகில் நெடுஞ்சாலையோரமாக உள்ள சிற்றூர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவ்வூர் முதியோரிடம் பெயர்க்காரணம், நீர்நிலை, கோயில், உணவு குறித்துக் கேட்டுத் தொகுப்பேடு உருவாக்குக.
2. 'புறவழிச்சாலைகள்: நன்மையும் இழப்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

*குறுவினா*
1. சுமைதாங்கிக் கற்கள் எதற்காக நடப்பட்டன?
2. திருமயம் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?

*சிறுவினா*
1. வழியில் தங்கும் தமிழர் மரபைச் சிறுபாணாற்றுப்படை எவ்வாறு காட்டுகிறது?
2. திருமயத்தின் சிதைந்த இசைக் கல்வெட்டு நமக்கு உணர்த்துவது யாது?

*நெடுவினா*
'மெல்லச் செல்லும் பயணம் மரபைக் காக்கும் பயிற்சியுமாகும்' என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.