பழைய எம்.ஜி.பி.யில் முதலில் எதைத் தொடுவது?

கேள்வி: 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். என்ஜின் வேலையில் தொடங்கவா, பெயின்ற் அடிக்கவா?
- வாசகர், நுகேகொடை

பதில்: இரண்டும் பொறுக்கட்டும். முதலில் பிரேக். இந்தக் காரில் ஒரே பிரேக் சுற்றுத்தான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். பழைய றப்பர் குழாய்கள் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அவற்றை மாற்றாமல் ஹைலெவல் வீதிக்கு இறங்கவே வேண்டாம்.

அடுத்தது துரு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் உடலின் பாரத்தைத் தாங்குகிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அது உள்ளிருந்தே அரிபடும். துணி சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, புட்டி. வெட்டி ஒட்டுமுன் உடலுக்கு முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து கதவு மூடாது.

இருக்கைக்குப் பின்னால் 6 வோல்ற் பற்றரிகள் இரண்டு இருக்கும். அந்தக் கால எம்.ஜி.பி.களில் நேர் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டது. யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பாராமல் புதிய ரேடியோ பூட்டினால் கருகிவிடும்.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. ஈயமில்லாத பெற்றோலில் பழைய வால்வு சீற்றுகள் தேயும் என்பதால், என்றாவது என்ஜின் ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீற்றுகள் போடுங்கள். அதற்காக இப்போதே கழற்ற வேண்டாம்.

பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தைக் கடைகளை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1988 முதல் எம்.ஜி.பி.க்கு முழு உடலையே புதிதாகச் செய்கிறார்கள்.