யார் வீட்டுப் பிள்ளை கனம்?

பள்ளிக்கூட லீவு முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் தாய்மார் நம்மிடம் கொண்டு வரும் கவலைகளில் ஒன்று திருகோணமலையில் ஆரம்பித்ததாக இருக்கும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குக்குப் போன நமது மக்களில் ஒரு பகுதியினர் திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறினார்கள். அந்த உறவுகளைப் பார்க்க நாம் போகிறோம். கோணேசர் கோயிலில் கும்பிடுகிறோம், துறைமுகத்தில் கப்பல் பார்க்கிறோம். போன வீட்டில் ஒரே வயதுப் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் பேச்சு வந்துவிடும். "என்னா மதினி, எம்புள்ளயத் தூக்குனா இடுப்பு நோவுது, ஒம்புள்ள பஞ்சு மாதிரி இருக்கே! ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறது இல்லியா?" சொன்னவர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். கேட்ட தாய்க்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

தூக்கம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. "என் பாலில் சத்தில்லை" என்று தாயே முடிவு கட்டிவிடுகிறார். தாய்ப்பால் குறைகிறது, கடையில் கடனுக்குப் பால்மா வருகிறது. பால்மா விற்கும் விலையில் பக்கற்றை மாதக் கடைசி வரை இழுக்க வேண்டும் என்பதால் மூன்று கரண்டி போடும் இடத்தில் ஒரு கரண்டி போட்டுக் கரைக்கிறார்கள். சரியாகக் கொதிக்காத தண்ணீர், சரியாகக் கழுவாத போத்தல், அதனால் வயிற்றோட்டம். நல்லாயிருந்த பிள்ளை இப்போதுதான் உண்மையிலேயே மெலிகிறது. ஒரு வார்த்தையால் வந்த வினை இது. கொழுத்த குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்ற எண்ணத்தைப் பால்மா டின் படங்களும் நம் மனதில் பதித்தன. குழந்தைப் பால்மா டின்னில் குழந்தையின் படம் போடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் விதிக்கோவை 1981இல் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் நிறை பார்த்தே பழகியவர்கள். மலையில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறோம். கிலோ குறைந்தால் அரைப் பேர், கூடினால் கைக்காசு. ஆகவே கூடின நிறை நல்லது, குறைந்த நிறை கெட்டது என்ற கணக்கு நம் இரத்தத்தில் ஊறிவிட்டது. பிள்ளைக்கு அந்தக் கணக்கு சரிவராது. பிள்ளைக்கு உள்ளது ஒரே ஒரு சரியான நிறை அல்ல. கீழே ஒரு எல்லை, மேலே ஒரு எல்லை, நடுவே அகலமான ஒரு பாதை. அந்தப் பாதையில் எங்கே நடந்தாலும் அது நல்ல வளர்ச்சிதான்.

அந்தப் பாதை எவ்வளவு அகலம் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஒரு வயது நிறைந்த ஆண் பிள்ளைக்குக் கீழ் எல்லை 7.7 கிலோ, மேல் எல்லை 12 கிலோ. நடுவில் இருப்பவர் 9.6 கிலோ. பெண் பிள்ளை என்றால் 7 கிலோ முதல் 11.5 கிலோ வரை, நடுவில் 8.9. இரண்டு வயதில் ஆண் பிள்ளைக்கு 9.7 முதல் 15.3 வரை, பெண் பிள்ளைக்கு 9 முதல் 14.8 வரை. இப்போது அந்த மதினிமார் இருவரின் பிள்ளைகளையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரு வயது ஆண் பிள்ளைகள், ஒன்று 8.8 கிலோ, மற்றது 11.5 கிலோ. வித்தியாசம் 2.7 கிலோ! தூக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டும் பாதைக்குள்தான். ஒன்று ஆண், மற்றது பெண் என்றால் ஒப்பிடுவதற்கே இடமில்லை. கிளினிக் கார்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கோடு போட்டிருப்பது அதனால்தான். கீழ் எல்லைக்குக் கிட்ட நிற்கும் பிள்ளையை மட்டும் மிட்வைப் மிஸ்ஸி கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்.

கார்ட்டில் உள்ள கோடுகள் எங்கிருந்து வந்தன?

"அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கோடு, நம்ம புள்ளைங்க பரம்பரையே சின்ன உருவம்" என்று சொல்பவர்கள் உண்டு. படித்தவர்களும் சொல்கிறார்கள். அது சரியல்ல. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சுமார் 8,500 பிள்ளைகளை அளந்தது. பிரேசில், கானா, நோர்வே, அமெரிக்கா, இந்தியா, ஓமான் என்பனவே அந்த நாடுகள். இந்தியாவில் டில்லி, ஓமானில் மஸ்கட். நம் பெண்களில் எத்தனை பேர் வீட்டு வேலைக்குப் போன இடம் அது! தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் குறைவில்லாத வீட்டுப் பிள்ளைகளையே தெரிந்தெடுத்தார்கள். அளந்து பார்த்தபோது டில்லிப் பிள்ளையும் நோர்வேப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரேமாதிரி உயர்ந்திருந்தன. உயரத்தில் காணப்பட்ட வித்தியாசத்தில் நாட்டுக்கு நாடு என்று சொல்லக்கூடியது 100க்கு 3 பங்கு மட்டுமே. 100க்கு 70 பங்கு ஒரே ஊருக்குள் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வித்தியாசம். 2006இல் வெளியிட்ட அந்த அளவைத்தான் இலங்கையின் கார்ட்டிலும் போட்டிருக்கிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு செய்தி உண்டு. ஒரே ஊரில், ஒரே லயத்தில் இரண்டு பிள்ளை வேறு வேறு அளவில் இருப்பது இயற்கை என்பது ஒன்று. மற்றது நாம் விரும்பாத செய்தி: இனத்தால் நமது பிள்ளைகள் சின்னவர்கள் அல்லர். 2016ஆம் ஆண்டின் நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளைக்குக் கிட்ட! ஆகவே திருகோணமலைப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படும் தாயைவிட, பக்கத்துக் காம்பராப் பிள்ளையோடு ஒப்பிட்டு "எல்லாம் ஒரே சைஸ்தானே" என்று நிம்மதியாக இருக்கும் தாயை நினைத்தே நாம் அதிகம் கவலைப்படுகிறோம். பக்கத்துப் பிள்ளையும் கோட்டுக்குக் கீழே இருக்கலாம் அல்லவா? திருகோணமலையிலும் எல்லாப் பிள்ளையும் கொழுகொழு என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள கிளினிக்குகளிலும் செம்மஞ்சள் பட்டையில் புள்ளி விழும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்த மாதப் புள்ளியைப் போன மாதப் புள்ளியோடு சேர்த்துப் பாருங்கள். கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதே கேள்வி. பச்சைப் பட்டையின் கீழ்ப் பக்கத்தில் இருந்தாலும் மாதாமாதம் ஏறிக்கொண்டு போகும் பிள்ளை நல்ல பிள்ளை. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளை கீழேயிருந்துதான் தொடங்கும். அதன் கோடு அச்சடித்த கோட்டுக்குச் சமமாக மேலே போனால் தைரியமாக இருக்கலாம். மறுபக்கம், 10.5 கிலோ இருந்த பிள்ளை மூன்று மாதமாக அதே 10.5 என்றால் பார்ப்பவர்களுக்குக் குண்டாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு பிள்ளையில் உடனே காட்ட வேண்டியது இந்தக் குண்டுப் பிள்ளையைத்தான். இரண்டு மாதம் தொடர்ந்து நிறை கூடாவிட்டால், பட்டை எந்த நிறமாக இருந்தாலும் மிட்வைப்பிடம் கேளுங்கள். செம்மஞ்சளிலோ சிவப்பிலோ புள்ளி விழுந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

ஏறும் வேகமும் ஒரேமாதிரி இராது. சராசரி ஆண் பிள்ளை பிறந்து முதல் மூன்று மாதத்தில் 3 கிலோ வரை கூடும். அதே பிள்ளை ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில், முழு வருசத்துக்கும் சேர்த்து, இரண்டரைக் கிலோதான் கூடும். "முன்னே மாதிரி ஏறுதில்லையே" என்று பயப்படும் தாய்மார் இதைத் தெரிந்து வைத்தால் நல்லது. கார்டில் உள்ள கோடும் அங்கே சரிந்து வளைவதைக் காணலாம்.

நிறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிப்பது நமக்குத் தெரியும். குளிருக்குப் போட்ட இரண்டு சுவெட்டர், சப்பாத்து, நனைந்த துணி எல்லாவற்றோடும் பிள்ளையைத் தொங்கவிட்டால் அரைக் கிலோ சும்மா கூடும். அடுத்த மாதம் மெல்லிய சட்டையோடு நிறுத்தால் பிள்ளை மெலிந்ததுபோல் தெரியும். இரண்டு வயது வரை மாதாமாதம், அதற்குப் பின் ஐந்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிறுக்க வேண்டும். உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள், நிறை மட்டும் முழுக் கதையைச் சொல்லாது.

கோடு படுத்துவிட்டால் காரணம் அநேகமாகச் சாப்பாட்டிலோ நோயிலோதான் இருக்கும். நாம் தின்னும் ரொட்டியின் கோதுமை மாவில் பெரும்பகுதி திருகோணமலைத் துறைமுகத்தில், சீனன்குடாவிலுள்ள பிறீமா ஆலையில் அரைபடுவது என்பது பலருக்குத் தெரியாது. ரொட்டி நமது உயிர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு அதன் கைப்பிடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை ரொட்டியாலும் தேத்தண்ணியாலும் நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பின் தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, முள் எடுத்த மீன், மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய். திருகோணமலையிலிருந்து வரும்போது உறவினர் கட்டித் தரும் நெத்தலிக் கருவாட்டை உப்புப் போக நன்றாக ஊறவைத்து இடித்துச் சோற்றில் பிசையலாம். திரிபோஷ கிடைத்தால் அது நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்க்கும் உரியது. வீடு முழுவதும் பகிர்ந்து தின்றால் யாருக்கும் பயனில்லை, தகப்பன்மார் மன்னிக்க வேண்டும்!

வேலைக்குப் போகும் தாய்க்கு இன்னொரு விஷயம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. கங்காணியின் தயவு என்று நினைத்துக் கேட்காமல் இருக்கிறார்கள். இது பிரசவ நன்மைகள் சட்டம் தந்த உரிமையாகும்.

அடுத்த லீவுக்குத் திருகோணமலைக்குப் போகிறவர்கள் பிள்ளையின் கார்டைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால் அங்குள்ள கிளினிக்கிலும் நிறுத்து அதே கார்டிலேயே புள்ளி வைக்கலாம், நாடு முழுவதும் ஒரே கார்ட்தான். மதினி ஏதும் சொன்னால் அவர் பிள்ளையின் கார்டையும் எடுத்து வரச்சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டு பிள்ளையின் கோடும் ஏறுகிறதா என்று பாருங்கள்.